பூசை போட்ட மர டாங்கி

1

கல்லூரி மலருக்கு வீரம் சொட்டும் போர்க்கதை ஒன்று கேட்டார்கள். நான் பார்த்த ஒரே போர்க்களம், பாடியிலிருந்து ஆவடிக்குப் போகும் காலைப் பேருந்தின் படிக்கட்டு. அங்கே தொங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்டதில் பாதிக் கதை கிடைத்தது. மீதி என் சொந்தப் பொய்.

முதல் தொடக்கம்: 'குண்டுகள் சீறின. மேஜர் தன் மீசையை—'

(வேண்டாம். எனக்கு எந்த மேஜரையும் தெரியாது. மீசையே இப்போதுதான் முளைக்கிறது.)

2

இரண்டாம் தொடக்கம்: 1988. ஆவடிப் பக்கம், பெயர் சொல்லக் கூடாத ஒரு தொழிற்கூடம். இரும்பை வெட்டுவதற்கு முன், டாங்கி ஓட்டுநரின் அறையை மரத்தில் செய்து சிப்பாய்களை உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் அங்கே பொறியாளராக இருக்கும் வரலட்சுமி வரைந்தவை. நாளைக்கு வரைபடம் கையெழுத்தாகிவிட்டால் ஒரு விரற்கடைகூட நகர்த்த முடியாது.

ஏறியவர்கள் எல்லோரும் "சௌகரியம்" என்றார்கள். வரலட்சுமிக்கு அதுதான் இடித்தது. வண்டியைச் சுற்றி வந்தவள், கீழே வரிசையாகக் கழற்றிப் போட்டிருந்த பூட்ஸுகளைப் பார்த்து நின்றாள்.

"நாகப்பண்ணே, ஏன் எல்லாரும் வெறுங்கால்ல ஏறுறாங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் வெச்ச வண்டி. பூட்ஸோட ஏறுனா சாமி சும்மா உடுமா?" என்றார், வண்டியைச் செய்த தச்சர்.

"அப்ப சண்டையில?"

"அப்போ சாமி கண்டுக்காது."

(அடிக்குறிப்பு மாதிரி: பூட்ஸ் கால், வெறுங்காலைவிட அகலம். இதைத் தெரிந்துகொள்ள பி.இ. தேவையில்லை, மறப்பதற்குத்தான் தேவை என்று எழுதி, அடித்துவிட்டேன். என் அக்கா பி.இ.)

3

மேலதிகாரி பரந்தாமன்தான் ஆயுத பூஜையன்று அந்த வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தவர்.

"சார், ஒருத்தராவது பூட்ஸோட உக்காந்து பாக்கணும்."

"நாளைக்குக் கையெழுத்தும்மா. இன்னிக்குப் போய் சாமி குத்தமா?"

"பிரேக்கை மிதிக்கிற காலு ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிச்சா வண்டி நிக்காது சார். ஓட்டுறவன் செத்தா அது யார் குத்தம்?"

பரந்தாமன் வண்டியிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். அவரை என்ன சொல்லவைப்பது என்று தெரியாமல் நான் டீ குடிக்கப் போனேன்.

4

முடிவு அ: வரலட்சுமியே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறுகிறாள். (அது அவளுக்கு முழங்கால் வரை வரும். நாகப்பன் சிரித்துவிடுவார்.)

முடிவு ஆ: "மரத்துலயே ஒரு ஜோடி பூட்ஸ் செஞ்சி தரேன். மரத்துக்கு மரம், சாமி இன்னா சொல்லப் போவுது?" என்கிறார் நாகப்பன். (பிரமாதம். ஆனால் விடிவதற்குள் முடியா—)

முடிவு இ: பரந்தாமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "யாராவது பூட்ஸோட ஏறினா நான் பாக்கலை."

சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை.

ஆக, இருக்கை காலி. வரலட்சுமி பூட்ஸை நீட்டியபடி உங்களைத்தான் பார்க்கிறாள். ஆமாம், படித்துக்கொண்டிருக்கும் உங்களைத்தான். வாருங்கள், மாட்டிக்கொண்டு ஏறுங்கள், பிரேக்கை ஒரே ஒரு மிதி...

அட, அங்கே என்ன செய்கிறீர்கள்? செருப்பைக் கழற்றியது சரி. ஏன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள்?