வாப்பாவின் ஜனாஸா அறிவித்தல்

காத்தான்குடியில் ஒரு பள்ளிவாசலின் இணையத்தளத்துக்கு ஸாதியா ஒரு பிளகின் மென்பொருள் செய்து கொடுத்திருந்தாள். ஊரில் யாராவது இறந்து தளத்தில் ஜனாஸா அறிவித்தல் ஏறினால், பதிந்திருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் குறுஞ்செய்தி பறக்கும். கட்டாரில் இருப்பவனுக்கும் போகும். நல்ல காரியம்தான். மற்றப் பள்ளிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதை இணையத்தில் பொதுவில் போட்டாளே, அங்கேதான் பிழை விட்டாள். செய்தி அனுப்பும் கணக்கின் கடவுச்சொல் உள்ளேயே எழுதிக் கிடந்தது. முன்பின் தெரியாத ஒரு புண்ணியவான் மின்னஞ்சலில் எச்சரித்தும் இருந்தான். வெள்ளிக்கிழமை லீவுதானே, அப்போது பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

வியாழன் பகலே செய்தி போயிற்று. வேலைவெட்டி இல்லாத எவனோ, செய்தவள் பெயர் 'முகைதீன்பாவா ஸாதியா' என்றிருந்ததைப் பார்த்து, முகைதீன்பாவா மவுத்து என்று அவளைப் பெற்ற வாப்பாவையே சாகடித்துச் செய்தி அனுப்பிவிட்டான்.

வாப்பா மீன் ஆணம் ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தார். ஓடிவந்த சனத்தைப் பார்த்து, "வந்ததுதான் வந்தீங்க, ஒரு பிடி தின்னுட்டுப் போங்க" என்று சிரித்தார். ஸாதியாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினாள்.

அப்போது அவள் அண்ணன், றுஸ்தி காக்கா, கட்டாரிலிருந்து கோல் எடுத்தான். தன் கலியாணப் பேச்சில் வாப்பாவோடு முறைத்துக்கொண்டு போனவன்; எட்டு வருசம், வாப்பாவோடு ஒரு பேச்சில்லை.

"தங்கச்சி, பிளேன் ஏறப்போறன். நான் வாறதுக்குள்ள வாப்பாவ அடக்கிராதிங்க!" விக்கி விக்கி அழுதான்.

பொய்ச் செய்தி என்று சொன்னால் வரமாட்டான்.

"ஓம் காக்கா, வா" என்றாள். பிறகு ஊருக்கெல்லாம் திருத்தச் செய்தி அனுப்பினாள், அவன் இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டு.

மறுநாள் காலை வாசலில் வேன் நின்றது. வாப்பா சாரனைக் கட்டிக்கொண்டே கேற்றடிக்கு ஓடினார். றுஸ்தி இறங்கி அவரை வெறித்துப் பார்த்தான். பிறகு தங்கச்சியைப் பார்த்தான்.

"பாஸ்வேர்ட் வெளிய கிடந்திச்சு காக்கா, எவனோ..."

"போதும்! நேத்து நீதானே ஓம் எண்டாய்? என்னக் கூப்பிட உங்களுக்கு மவுத்துத்தானா கிடைச்சிது?"

பெட்டியைக்கூட இறக்கவில்லை. வேன் வாவிக்கரை வீதியால் திரும்பிப் போயிற்று.

வாப்பா வெகுநேரம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா புள்ள, நான் மவுத்தெண்டதும் எப்பிடி ஓடி வந்தான்! என்ட மையித்த அடக்க வருவான். அது காணும் எனக்கு."

"ஓம் வாப்பா" என்றாள் ஸாதியா. அடுத்த தடவை அந்தச் செய்தி உண்மையாகவே போகும்போது காக்கா அதை நம்பப்போவதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வாள்?