பரிசாக வந்த தண்ணீர் பாட்டில்

காலையில் கிளம்பும்போது அரை டம்ளர் தண்ணீர். அதன்பின் மாலையில் வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுகூட இல்லை. ஒன்பது வருடங்களாக இதுவே அவளுடைய பழக்கம். சட்டைகள் தைக்கும் தொழிற்சாலையின் மாடி ஹாலில் அவள் காலர் தைப்பவள். கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. நடுவில் இருபத்தெட்டுப் படிகள். சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன இடது காலை, முழங்காலில் கைவைத்து அழுத்தி அழுத்தித்தான் அவளால் நகர்த்த முடியும். இறங்கி ஏற இருபத்தைந்து நிமிடம் ஆகும். அனுமதியோ ஐந்து நிமிடம். ஆகவே அவள் தண்ணீரை விட்டுவிட்டாள்.

உடன் தைக்கும் பெண்கள் அவளுக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். எதற்கெடுத்தாலும் விசில் ஊதும் சூப்பர்வைசருக்கு அவள்தான் உதாரணம்.

“அவங்களைப் பாருங்க! ஒரு நாளாவது எடத்தை விட்டு எழுந்திருச்சிருக்காங்களா? நீங்க என்னடான்னா குடம் குடமா குடிச்சுட்டு வரிசையில போய் நிக்கிறீங்க!”

போன வருடம், இடத்தை விட்டு அசையாமல் உழைத்ததற்காக அவளுக்கு ஒரு பரிசும் கொடுத்தார். கைதட்டலுக்கு நடுவே வண்ணக் காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் தண்ணீர் பாட்டில்.

மிருகங்களின் சபையில் ஒருமுறை, தாகமே அறியாத பிராணி என்று ஒட்டகத்துக்கு மாலை போட்டார்களாம். குளத்துக்குப் போகும் வழி அதன் உடம்புக்குக் குறுகல் என்பது மாலை கட்டிய குரங்குக்கும் தெரியும். ஆனால், வழியை அகலப்படுத்துவதைவிட மாலை கட்டுவது எளிது.

இந்த மாதம் அவளுக்கு இடுப்பில் வலி வந்தது, பிறகு குளிர்க்காய்ச்சல், பிறகு சிறுநீரில் ரத்தம். “தினமும் மூணு லிட்டர் குடிக்கணும். இல்லைன்னா கிட்னி போயிடும்மா” என்றார் டாக்டர், ஒளிவுமறைவில்லாமல்.

அன்று மாலையே, கீழ் ஹாலுக்கு மாற்றும்படி ஒரு மனு எழுதினாள். அண்ணன் அதை வாங்கிப் படித்தான், நான்காகக் கிழித்தான். அவன் அதே தொழிற்சாலையில் மெக்கானிக். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன். விண்ணப்பத்தில் ‘உடற்குறை ஏதும் இல்லை’ என்று தன் கையால் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கியவன். தெருவில்கூட அவளுக்கு இருபதடி முன்னாலேதான் நடப்பான்.

“எழுத்துல வந்துட்டா அவ்வளவுதான். என் பொண்ணுக்கு வரன் பேசிட்டிருக்கோம். அத்தைக்குக் கால் இப்படின்னா, குடும்பத்துலயே இருக்குன்னு ஒதுங்கிடுவாங்க.”

“என் கால் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேண்ணே?”

“தெரியறது வேற, எழுதறது வேற!”

“நான் செத்தா, அதையும் எழுதாம விட்டுடுவியா?”

அண்ணி அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அது யார் பக்கம் பேசியது என்று இருவருக்கும் புரியவில்லை. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் அவள் இன்னொரு மனுவோடு போனாள். மதிய இடைவேளைக்கு முன் சூப்பர்வைசர் அதை அவள் மெஷினருகே நின்றே படித்தார். அடுத்த மேஜைக்கு அடியில் அண்ணன் மல்லாந்து படுத்து மெஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஒம்பது வருஷமா உங்களால முடிஞ்சுதே, இப்ப என்ன?”

“முடியலை சார். முடிஞ்ச மாதிரி உக்காந்திருந்தேன்.”

“உங்களை மாத்தினா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க.”

“கீழயும் இதே காலர்தான் தைக்கிறாங்க சார். ஓரமா ஒரு எடம் காலியாவே இருக்கு.”

அவர் ஆபீசுக்குப் போய் பழைய விண்ணப்பத்தை எடுத்து வந்தார். “குறை இல்லைன்னு இங்க எழுதியிருக்கே! பொய் எழுதினவங்களை வேலையிலயே வச்சுக்கக் கூடாதும்மா. யார் எழுதினது இது?”

அவள் அடுத்த மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் சார்.”

மேஜைக்கு அடியில் ஸ்பேனர் தரையில் விழுந்தது. அண்ணன் தவழ்ந்து வெளியே வந்தான். முகத்தில் எண்ணெய்க் கறை.

“அது என் எழுத்து சார். கையெழுத்து மட்டும்தான் அவளோடது. இல்லைன்னா வேலை தர மாட்டீங்கன்னு நான்தான் எழுதினேன்.”

சூப்பர்வைசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மேலிடத்துக்கு அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் அவங்க இங்கதான்.”

“பதில் எப்ப வரும்?”

“வரும்போது வரும்.”

அண்ணன் குனிந்து ஸ்பேனரை எடுத்தான். தங்கையின் மெஷினைக் கழற்றத் தொடங்கினான்.

“யோவ்! ஆர்டர் இல்லாம அதைத் தொடாதே!”

“ரிப்பேருக்கு எனக்கு ஆர்டர் வேண்டாம் சார். மாடியில இருக்கிற வரைக்கும் இந்த மெஷின் ஓடாது. என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க.”

சூப்பர்வைசர் விசிலை ஊதினார். பழக்க தோஷம், விசில் கேட்டதும் ஹாலில் எல்லா மெஷின்களும் நின்றன. அந்த அமைதியில் அண்ணன் மெஷினின் தலைப்பகுதியைத் தோளில் ஏற்றினான். “வழி விடுங்க! என் தங்கச்சி இறங்கறா!” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

இருபத்தெட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் பாரத்தோடு நின்று, அவள் வந்து சேர்ந்தபிறகே அடுத்த படியில் கால் வைத்தான்.

கீழே ஓரத்தில் காலியாக இருந்த மேஜையில் மெஷினைப் பொருத்தினான். கழிப்பறைக் கதவு பத்தடி தூரம். வேலை மிஞ்சுமா, அந்த வரன் நிலைக்குமா என்பது இருவருக்கும் தெரியாது. அவள் பையிலிருந்து எடுத்த பரிசுப் பாட்டிலின் மூடி துருவேறியதுபோல் இறுகிக் கிடந்தது. அவன் திருகித் திறந்து, குழாயடியில் கழுவி, நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினான்.

“உன் கூட நடந்திருக்கணும். இத்தனை வருஷமா...”

அவள் நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலி பாட்டிலை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இன்னும் ரெண்டு லிட்டர் பாக்கி இருக்குண்ணே. பிடிச்சுட்டு வா.”

அவன் மறுபடியும் குழாயடிக்குப் போனான்.