மணலைக் கடந்து வந்த ஓட்டுகள்

என் தம்பி அம்புரோஸ் ஃபெல் பார்லிமென்டில் ஒன்பது வருஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த இடம் ரேவன்ஸ்கார் பிரபுவின் தயவில் வந்தது. அப்பா போய், பண்ணையும் மாளிகையும் தம்பி கைக்கு வந்த வருஷமே பிரபு அவனைக் கூப்பிட்டு, "நீ நில்லு, எதிர்த்து எவனும் நிக்க மாட்டான்" என்றார். அப்படியே நடந்தது. லண்டனில் பிரபு சொன்ன பக்கம் ஓட்டுப் போடுவான். ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்ததும் ஊருக்கு ஓடி வந்துவிடுவான்.

பிறகு அந்த மசோதா வந்தது. எங்கள் கடலோரப் பொதுப் புல்வெளியை வேலி போட்டு நிலக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு. பெரிய பங்கு பிரபுவுக்கு, அடுத்த பங்கு எங்களுக்கு. குடிசைக்காரர்களின் மாடும் வாத்தும் காலங்காலமாக மேய்ந்த இடம் அது. அம்புரோஸ் சபையில் எழுந்து நின்று, "என் பங்கு எனக்கு வேண்டாம், இந்தச் சட்டமும் வேண்டாம்" என்று பேசினான். எழுதி வைத்திருந்த காகிதத்தை இரண்டு தடவை கீழே போட்டானாம். மசோதா சொற்ப ஓட்டில் தோற்றது.

அடுத்த வாரமே பிரபு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்.

"உனக்கென்னய்யா பைத்தியமா? உன் பங்கே இருநூறு ஏக்கர் தேறும்!"

"தேறும் பிரபுவே. அங்க மேயுற மாடெல்லாம் எங்க போகும்? உங்க ரோஜாத் தோட்டத்துக்கா?"

பிரபு முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அடுத்த தேர்தல்ல என் தங்கச்சி பையன் நிப்பான்."

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

பிரபுவின் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் நான் கேட்டேன்: "டேய், நம்ம குடும்பத்துல யாரும் தேர்தல்ல மல்லுக்கு நின்னதே இல்லையேடா?"

"அப்ப நான்தான் முதல் ஆளு. அந்தக் கறி மிச்சமிருக்காக்கா?"

தேர்தல் வந்தது. ஓட்டுப் போட விரிகுடாவுக்கு அக்கரையிலிருக்கும் கிர்க்ஃபோர்டுக்குப் போக வேண்டும். சாலை வழியே சுற்றி வண்டியில் போனால் ஒரு நாள், நடந்து போனால் இரண்டு நாள். எங்கள் பக்கத்து ஓட்டுக்காரர்கள் எல்லாம் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த சின்ன விவசாயிகள். வாக்குப்பதிவு முடியும் நாளுக்கு முந்தின நாள் பார்த்தால், சத்திரங்களில் ஒரு குதிரை இல்லை, ஒரு வண்டி இல்லை. எல்லாவற்றையும் பிரபுவின் ஆட்கள் வாடகைக்கு எடுத்து லாயத்தில் பூட்டி வைத்துவிட்டார்கள்.

சர்ச் வாசலில் கூடி நின்றவர்களின் முகம் தொங்கிப்போயிருந்தது. அம்புரோஸ் கடல் பக்கம் கை நீட்டினான்.

"வண்டிய பூட்டினாங்க சரி. மணலப் பூட்ட முடியுமா?"

கடல் பின்வாங்கும் நேரம் விரிகுடா முழுக்க வெறும் மணல்தான். ஆனால் நடுவில் ஆறு ஓடும், புதைமணல் இருக்கும், தாமதித்தால் கடல் திரும்பி வந்துவிடும். சின்ன வயதிலிருந்து மணலில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவர்களோடு சுற்றியவன் அவன். அந்த மணல் அவனுக்குப் பழக்கம்.

மட்டி விற்கும் பெக்கி தன் வண்டியை இழுத்து வந்தாள். "வயசானவங்க இதுல ஏறுங்கய்யா. மட்டி நாத்தம் அடிக்கும், பரவால்லையா?"

"பிரபு வீட்டு வாசனைக்கு இது தேவல" என்றார் மாவு மில் ஜோனஸ். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ எதுக்குக்கா? உனக்கு ஓட்டா இருக்கு?"

"கண்ணு இருக்குல்லடா. வேடிக்கை பாக்குறேன்."

விடிந்ததும் நடந்தோம். ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு, பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. அக்கரை கண்ணில் பட்ட நேரத்தில் பெக்கியின் வண்டிச் சக்கரம் மணலில் இறங்கியது. தூரத்தில் கடல் திரும்பும் இரைச்சல். வண்டியில் இருந்த கிழவர் ஜோனஸ், "எங்கள விட்டுட்டுப் போங்கய்யா" என்று கத்தினார்.

"உங்கள விட்டுட்டு யார் ஓட்டுக்குப் போறது? தள்ளுங்கப்பா!" அம்புரோஸ் முழங்கால் வரை புதைந்து சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். எல்லோரும் தள்ளினோம். சளக்கென்று சக்கரம் மேலே வந்தது. கரையேறித் திரும்பினால், நடந்து வந்த வழி முழுக்கத் தண்ணீர்.

கிர்க்ஃபோர்டு சந்தையில் பிரபுவின் ஆட்கள் எங்கள் கோலத்தைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன, மீன் விக்க வந்தீங்களா?"

"மீன் நேத்தே வித்துப்போச்சு. இன்னிக்கு ஓட்டுதான்" என்றாள் பெக்கி.

யாருக்கு ஓட்டு என்று மேடையேறி எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய காலம் அது. ஜோனஸ் முதலில் ஏறினார். அதிகாரி, "யாருக்கு?" என்றார்.

"ஃபெல்லுக்கு! கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சா?"

ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஃபெல்லுக்கு, ஃபெல்லுக்கு. சிரிப்பு மெல்ல அடங்கியது. பிரபுவின் மாளிகைக்குக் கறி கொடுக்கும் கசாப்புக்காரர் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு மேடையேறி, "நானும் ஃபெல்லுக்குத்தான்" என்றபோது சந்தையே அதிர்ந்தது. சாயங்காலம் முடிவு சொன்னார்கள். முப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் என் தம்பி ஜெயித்தான்.

பூ சுற்றிய நாற்காலியில் அவனை உட்கார வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மணி அடித்தது, பீர் பீப்பாய்களைத் திறந்தார்கள். பெக்கி என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். தொண்டை கட்டும் வரை நானும் கத்தினேன்.

அந்த மசோதா இன்னும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அவன் எழுந்து பேசித் தோற்கடித்தான். அப்போதெல்லாம் கையில் காகிதமே இல்லை. இருபத்திரண்டு வருஷம் யார் தயவும் இல்லாமல் அந்த இடத்தில் இருந்தான். கடைசித் தேர்தல்களில் அவனை எதிர்த்து நிற்க ஆளே கிடைக்கவில்லை. புல்வெளியில் இன்று வரை ஒரு வேலிக்கம்புகூட இல்லை.