செய்திக்கு முன்னால் ஒரு பாட்டு

என் அக்காவின் கணவர் சேற்றில் கால் வைத்தவர் அல்ல. மழை விட்ட மறுநாள் தெருவில் ஒரு சாண் தண்ணீர் நின்றால் போதும், அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மாமாவுக்கு, ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது கிராமத்துப் பித்து தலைக்கேறியது. காரணம் ஒரு பாட்டு.

அந்தக் காலத்தில் ரேடியோவில் காலைச் செய்திக்கு முன்னால் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் ஒரு நாட்டுப்பாடலைப் போடுவார்கள். நேரத்தை நிரப்பத்தான், பாட்டின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. மணியானதும் பாடுகிறவளின் வாயில் பாதிச் சொல் இருக்கும்போதே குரலைக் குறைத்துவிட்டுச் செய்தியைத் தொடங்கிவிடுவார்கள். அப்படி அடிக்கடி வந்து அடிக்கடி அறுபட்ட பாட்டு இது:

சேறு பட்ட காலு மச்சான்
செவந்து போன தோளு மச்சான்
ஏரு கட்டி நீ நடந்தா
ஏழு ஊரும் பாக்கும் மச்சான்

இப்படியே இன்னும் நாலு வரி புருஷனைப் புகழ்வாள். அதற்குள் செய்தி வந்துவிடும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட மாமா, அது தன்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டிவிட்டார். நீர்வழங்கல் அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்கு நாடா கட்டுகிற மனிதர், செய்தி முடிந்ததும் ஏர் கட்டப் போகிறவர் மாதிரி தோளைச் சிலிர்த்துக்கொண்டு குளிக்கப் போவார்.

சின்ன வயதிலிருந்தே நானும் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தேன். செய்தி ஓடும்போது சமையலறையில் அக்கா ஏதோ முணுமுணுப்பாள். மாமாவுக்குப் பெருமை பிடிபடாது.

“பாத்தியா மாப்ளே? ரேடியோ நிறுத்தினாலும் உங்க அக்கா நிறுத்த மாட்டா. அவ்ளோ ஆசை என் மேல.”

இப்போது அந்த ஆசையை நம்பித்தான் மனிதர், பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் வருகிற ஒரு கிராமத்தில், தொழுவத்தோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டில் சமைக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். பதினெட்டு மிஷின் அவள் பொறுப்பு. காலர் ஒரு நூல் கோணினாலும் பிரித்துத் தைக்கச் சொல்வாள். தையல்காரிகள் திட்டுவார்கள், மாலையில் அவளோடு சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்பார்கள். அந்தக் கூடத்தைவிட்டால் அவளுக்கென்று வேறு உலகம் இல்லை.

“அங்க போய் நான் என்ன பண்றது?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டு இரு” என்றார் மாமா.

“மாட்டை யாரு பாத்துக்குவா?”

“பாடிக்கிட்டே பாத்துக்கோயேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் ஸ்பூல் ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்தபோது ஓட்டிப் பார்க்க ஒரு பெட்டி டேப்பும் சேர்த்துக் கொடுத்தார். அதில் இருந்தது அந்தப் பாட்டு. வெட்டாமல், முழுசாக. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, நான் அதைக் கொண்டுபோய் மாமாவிடம் உளறினேன்.

“ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் போட்டுடுவோம். முழுப் பாட்டையும் கேட்டா அவளே மூட்டை கட்டிடுவா” என்று குதித்தார்.

உரியவரிடம் அனுமதி வாங்கி, பென் டிரைவில் ஏற்றும்போதுதான் நான் கடைசிவரை கேட்டேன். கேட்டுவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நல்ல மாப்பிள்ளை என்றால் மாமாவை எச்சரித்திருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு, வீட்டிலேயே பெரிய ஸ்பீக்கராகப் பார்த்துத் தூசி தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் மாமாவின் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர். அக்கா ஓர் ஓரத்தில் நின்று மறுநாள் வேலைக்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மண்வாசனை என்றும், அசல் வாழ்க்கை என்றும் பத்து நிமிடம் பேசிவிட்டு மாமா எனக்குக் கண் காட்டினார்.

பாட்டு எழுந்தது. சேறு பட்ட கால் வந்தது, தோள் வந்தது, ஏழு ஊரும் பார்த்தது. மாமாவின் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியது. ரேடியோ எப்போதும் வெட்டுகிற இடம் வந்தது. இந்த முறை யாரும் வெட்டவில்லை.

வரப்புல நீ தூங்கி மச்சான்
வாய்க்காலுல விழுந்த சேறு
உழுத சேறுன்னு நம்பி
ஊரு முன்னே பாடிப்புட்டேன்

நண்பர்களில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். மற்றவர் இருமக்கூட இல்லை, நேராகவே சிரித்துவிட்டார்.

“இது வேற பாட்டு. டேப்புல கலந்துபோச்சு. நிறுத்துடா!” என்றார் மாமா.

“அதே குரல்தான் மாமா” என்றேன்.

கடைசி நாலு அடி வந்தபோது ஸ்பீக்கரில் ஒரு குரலும், இஸ்திரி மேசையிலிருந்து ஒரு குரலும் சேர்ந்து பாடின. ஒரு சொல் பிசகவில்லை.

மாட்டக் கட்ட நீயே போய்யா
மண்ணக் கொத்த நீயே போய்யா
பாட்டுக் கட்டிப் பாடினவ
பட்டணத்துக்குப் போறேன் ஐயா

சிரிப்பு அடங்கிப்போனது. மாமா அக்காவையே பார்த்தார்.

“உனக்கு இது தெரியுமா?”

“முப்பத்தோரு வருசமாத் தெரியும். எங்க தையல் கூடத்துல பித்தான் தைக்கிறவ சொல்லிக் குடுத்தா. செய்தி ஆரம்பிச்சதும் மிச்சத்தை நான் ஒவ்வொரு தடவையும் பாடினேனே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“எங்க? நான் பாட ஆரம்பிச்சதும் செய்தி கேக்கலைன்னு நீங்க சத்தத்தைக் கூட்டிடுவீங்களே.”

மாமாவைச் செவிடன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? காதை வைத்துத் தொழில் செய்கிறவன் நான். அதே வீட்டில் வளர்ந்த தம்பி. அந்த முணுமுணுப்பு என்னவென்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அப்போது மாமாவின் போன் அடித்தது. கிராமத்து வீட்டுக்காரர். மாமா போனைப் பார்த்தார், நண்பர்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு எடுத்துக் காதில் வைத்து, வாய்க்காலில் விழுந்து எழுந்தவர் மாதிரி சொன்னார்:

“வந்து... வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க.”

போனை வைத்தார். அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“கேளுங்க” என்றாள்.