ஓரத்தில் வெட்டிப் போட்டது

ரெய்னோ கங்காஸிடம் காளான் படங்கள் மட்டும் ஒரு கணினி நிறைய இருந்தன. பனித்துளி, பாசி, தட்டான், டயர் கடைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் தெரியும் மேகம் எல்லாம் தனிக் கணக்கு. மனைவி ஐரீனின் படம் ஒன்றுகூட இல்லை. நாற்பதாவது திருமண நாள் நெருங்கிய வாரத்தில்தான் இது அவருக்கே தெரிய வந்தது. அதுவும் அவராகக் கண்டுபிடிக்கவில்லை. க்ரீன் பே நகரத்திலிருந்து மகள் டானா தொலைபேசியில் கேட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை விருந்துக்கு கேக் சொல்லியாச்சு. மேல அம்மா படத்தை அச்சடிச்சுத் தருவாங்களாம். நல்லதா ஒண்ணு அனுப்புங்க."

"உங்கிட்ட இல்லையா?"

"எங்க வீட்டுப் படத்தையெல்லாம் எடுத்ததே அம்மாதான். அப்புறம் அதுல எப்படி அவ இருப்பா? நீங்கதானே போட்டோகிராபர், தேடிப் பாருங்க."

அவர் போட்டோகிராபர் இல்லை. மிச்சிகனின் வடகோடியில், மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளையைத் தவிர வேறு எதையாவது பார்க்கலாமே என்று ஒரு கேமரா வாங்கி, ஊர் போட்டோ கிளப்பில் சேர்ந்தார். அதற்கு முந்தைய குடும்பப் படங்களை எல்லாம் ஒரு வசந்த காலத்தில் நிலவறைக்குள் புகுந்த பனி உருகிய தண்ணீர் கூழாக்கிவிட்டது. பிந்தைய படங்களைக் கெடுத்தது கிளப்பின் விதி.

கிளப் மாதம் ஒருமுறை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடும். இயற்கைப் பிரிவில் போட்டி நடக்கும். அந்தப் பிரிவில் ஆள் தடம் இருக்கக் கூடாது. வேலி, கம்பி, காலடி, நிழல் எது தெரிந்தாலும் படம் வெளியே. தலைவி மார்வா லிண்ட்க்விஸ்ட் கணக்கு டீச்சராக இருந்தவர். தான் எடுத்த சூரிய அஸ்தமனத்தின் மூலையில் விமானம் போட்ட வெள்ளைக் கோடு ஒன்று இருந்ததற்காகத் தன்னையே போட்டியிலிருந்து நீக்கிக்கொண்டவர். அன்றைக்கு யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் கொண்டுவந்த பிஸ்கட்டை மட்டும் சாப்பிட்டார்கள்.

ஆரம்பத்தில் ரெய்னோவும் எல்லாரையும் போல இயற்கை தூரத்தில் இருப்பதாகத்தான் நினைத்தார். காட்டெருமை எடுக்க யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை வண்டி ஓட்டிப் போனார். காட்டெருமையைவிட, அதைப் படமெடுக்க வந்தவர்களின் முதுகுகள்தான் நன்றாக விழுந்திருந்தன. திரும்பி வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கழிவறைக்குப் பின்னால் ஐரீன் நின்று கூப்பிட்டாள்.

"ரெய்னோ, இங்க வா. இந்தச் சுவத்துப் பாசியைப் பாரு. அது உன் எருமையை விட நல்லாத்தான் இருக்கு. காசும் கேக்கல."

அன்றிலிருந்து இருவரும் ஊரைத் தாண்டவில்லை. பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம், மீன் கடையின் பின்பக்கம், டயர் கடைக்குப் பின்னால் ஓடும் பள்ளம். கண்டுபிடிப்பது ஐரீன். பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் முழுக்க நின்றவள். தட்டில் எந்தப் பிள்ளை எதை ஒளித்து வைக்கிறது என்று பார்த்துப் பழகிய கண். கருவண்டு ஒன்று இலைக்கு அடியில் இருந்தாலும் அவளிடம் தப்பாது. ரெய்னோ மண்டியிட்டுப் படம் எடுப்பார். பீர் டப்பாக்களைப் பொறுக்குவதும், பீட்சா பெட்டியின் வெள்ளை மூடியைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவதும், குறுக்கே வரும் புல்லை ஒதுக்கிப் பிடிப்பதும் ஐரீனின் வேலை. வீட்டுக்கு வந்து ரெய்னோ கணினியில் உட்கார்ந்து ஓரங்களை வெட்டி எறிவார். ஓரங்களில் யார் இருந்தார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. விதி அப்படி.

சமையலறையில் ஐரீன் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்து மடிக்கும் பாஸ்டி செய்கிற நாள். ரெய்னோ கேமராவோடு வந்து நின்றார்.

"என்ன, என் மூக்குல காளான் முளைச்சிருக்கா?"

"டானா ஒரு படம் கேட்டா. கேக்குக்கு."

"போடேன். நாப்பது வருஷத்துல ஒண்ணுகூடவா இல்ல?"

ரெய்னோ லென்ஸ் மூடியைக் கழற்றினார். ஐரீன் உருட்டுவதை நிறுத்தினாள்.

"இல்லையா?"

"இப்ப எடுத்துடலாம். அந்த ஜன்னல் பக்கம் திரும்பு. வெளிச்சம் நல்லா இருக்கு."

"வேண்டாம்."

"ஒரே ஒண்ணு."

"கேக்குக்காக இன்னிக்கு எடுக்கறது கேக்குக்குத்தான் ஆகும், ரெய்னோ. நான் செத்தா பேப்பர்ல என்ன போடுவ? பூஞ்சையையா? 'அன்பு மனைவி'ன்னு கீழ எழுதி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மாவை மறுபடி உருட்டியபோது அது தேவைக்கு மேல் மெல்லிசாகிப் போனது. அன்றைக்குப் பாஸ்டிகள் அடியில் கிழிந்து அடுப்புத் தட்டில் ஒழுகின. இத்தனை வருடத்தில் அவள் பாஸ்டி ஒழுகியதே இல்லை. அதிகம் கிழிந்ததை ரெய்னோ தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே நிலவறையில் போய் உட்கார்ந்தார். வெட்டிய படங்களைப் பார்த்துப் பயனில்லை. வெட்டாத மூலப் படங்கள் கணினியில் செருகிப் பார்க்கும் ஒரு தனிச் சேமிப்புப் பெட்டியில் இருந்தன. அவர் எதையும் தூக்கி எறியாத ஆள். அவற்றை முதலிலிருந்து திறந்தார்.

ஐரீன் இருந்தாள். எங்கே பார்த்தாலும் இருந்தாள். தட்டானுக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை. தேங்கிய தண்ணீரின் மேல்மூலையில் ஒரு ரப்பர் பூட்ஸ். உறைபனி பிடித்த இலைக்குப் பின்னால், அவள் விட்ட மூச்சுப் புகை. பீட்சா மூடியைப் பிடித்த விரல்கள். சில வருடங்கள் கழித்துக் கையுறையின் கட்டைவிரலில் ஒரு பச்சை ஒட்டு வந்தது. இன்னும் கொஞ்சம் கழித்து விரல் முட்டிகள் வீங்கின, மோதிரம் காணாமல் போனது. மோதிரம் இறங்கவில்லை என்று அவள் அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டது ரெய்னோவுக்குத் தெரியும். எப்போது என்று இப்போதுதான் தெரிந்தது. காளானைப் பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்திலேயே தன் பெண்டாட்டி வயதாகிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் அதை வாராவாரம் வெட்டிப் போட்டிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அது அழுக்காக இல்லை.

முகம் தெரிந்த படம் ஒன்றே ஒன்று இருந்தது. அது எது என்று பார்த்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

டயர் கடைப் பள்ளத்தில் எடுத்த பாலெருக்குக் காய். நம் எருக்கின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரியான செடி. இலையுதிர் காலத்தில் காய் வெடித்து, உள்ளேயிருந்து பட்டுப் பஞ்சு வெளியே வரும். அந்தப் பஞ்சில் சாயங்கால வெளிச்சம் பட்ட படத்துக்குத்தான் ரெய்னோ வாழ்நாளிலேயே முதல் பரிசு வாங்கினார். நீல ரிப்பன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்குகிறது. படம் நூலக வாசலில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, அவர் பெயரோடு தொங்குகிறது. தண்ணீர் குடிக்கக் குனிகிறவர்கள் எல்லாரும் அதை வணங்கிவிட்டுத்தான் போவார்கள்.

வெட்டாத படத்தில் வலப்பக்கம் காய். இடப்பக்கம் ஐரீன். தொப்பி கோணிக் கிடக்க, குந்தி உட்கார்ந்து, ஒட்டுப் போட்ட சிவப்புக் கையுறையால் ஒரு புல் தண்டை வளைத்துப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது. "சீக்கிரம் எடு, முட்டி போச்சு" என்று சொல்கிற வாய். கண் மட்டும் காயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ரெய்னோ எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பாதியைத்தான் இத்தனை நாள் காட்டியிருக்கிறார்.

சிக்கல் கேக்கில் இல்லை. விருந்துக்கு கிளப் முழுவதும் வருகிறது. புல்லைப் பிடித்த கை ஆள் தடம்தான். அதை வெட்டினாலும் வளைந்த புல் வளைந்ததுதான். மார்வா ஒருமுறை பார்த்தால் போதும். ரிப்பன் போகும், நூலகச் சுவர் காலியாகும். அவர் பெயர் போட்ட சுவர் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

கையை மங்கலாக்கி, முகத்தை மட்டும் வெட்டி அனுப்பலாமா என்று பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மறுபடியும் அவளை வெட்டுகிறோம் என்று உறைத்தது. அதை அழித்துவிட்டு, முழுப் படத்தையும் டானாவுக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை சர்ச்சின் கீழ்க்கூடத்தில் கேக் நீளமான மேஜையில் இருந்தது. சர்க்கரைத் தாளில் பாலெருக்கும் ஐரீனும். ஐரீன் வந்து குனிந்து பார்த்தாள். சிவப்புக் கையுறைக்கு மேலே, தொடாமல், விரலை நகர்த்தினாள்.

"இந்தக் கையுறையை ரெண்டு வருஷமாத் தேடறேன்" என்றாள் கடைசியில். கழுத்துச் சங்கிலியில் இருந்த மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்வா மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கேக்கைச் சுற்றி வந்தார்.

"ரெய்னோ, இது நூலகத்துல இருக்கற படம்."

"ஆமா."

"புல்லை இவ பிடிச்சிருக்கா."

"ஆமா."

"இது தெரிஞ்சிருந்தா..."

ரெய்னோ கோட்டுப் பையில் கையை விட்டு நீல ரிப்பனை எடுத்து நீட்டினார். காலையிலேயே மடித்து வைத்திருந்தார்.

"நீ வேணும்னே விதியை மீறினதாச் சொல்லல. படம் நல்ல படம்" என்று மார்வா ரிப்பனை வாங்கிக் கைப்பையில் போட்டார். "ஆனா நூலகத்துல இருக்கறதை இறக்கித்தான் ஆகணும்."

ஐரீன் திரும்பினாள். "என்னது? நான் புல்லைப் பிடிச்சதுக்கா?"

"விதி, ஐரீன்."

"அப்ப இத்தனை நாளா நான் பிடிச்ச புல்லெல்லாம்?"

மார்வா ரெய்னோவைப் பார்த்தார். ரெய்னோ தன் ஷூவைப் பார்த்தார்.

"தாராளமா இறக்குங்க" என்றாள் ஐரீன். "பாதிப் படத்தை எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?"

டானா கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். ஒரு பெண்மணியின் முகத்தில் அவள் கண்ணெதிரிலேயே கத்தி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாரும் வலப்பக்கத்திலிருந்து கேட்டார்கள். மார்வாவுக்குப் பஞ்சு கிடைத்தது. மற்றவர்கள் காயைத் தின்றார்கள், தண்டைத் தின்றார்கள், பின்னால் மங்கலாகக் கிடந்த பள்ளத்தையும் தின்றார்கள். விருந்து முடிந்தபோது தட்டில் இடப்பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. ரெய்னோ கணினியில் வெட்டி எறிந்த ஓரம், ஏறக்குறைய அதே அளவில்.

ஐரீன் வண்டி ஓட்டினாள். ரெய்னோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பங்களில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டயர் கடையைத் தாண்டும்போது ஐரீன் வேகத்தைக் குறைத்து, பள்ளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

காலையில் அவர் எழுந்து வந்தபோது ஐரீன் காபியோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் தொப்பி இல்லை, முகம் இல்லை.

"மூஞ்சியை நானே தின்னுட்டேன். அதைத்தான் இனிமே நீ தினம் பாக்கப் போறியே" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கையை உனக்கு வெச்சிருக்கேன்."

ரெய்னோ கேமராவை எடுத்துவரப் போனார்.