சோபாவுக்குள் இருந்தது

பாலக்கரையில் ரவிக்கையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்த லூர்துராணிக்கு, முப்பத்தைந்து வயதில் சோபா வேலை பழக வேண்டும் என்று ஆசை வந்தது. தடித்த துணியில் ஊசி ஏற்றுவதில் அவளுக்குத் தனிக் கை இருந்தது. கன்டோன்மெண்ட் பங்களாக்களிலும் வக்கீல் வீடுகளிலும் ஆளாளுக்கு சோபா கேட்கத் தொடங்கியிருந்த 1936ஆம் வருஷம் அது.

பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ராசப்பன் பட்டறை வைத்திருந்தான். மதராஸில் வேலை கற்று வந்தவன், அவளைவிட ஐந்து வயது இளையவன். 'சோபா, குஷன் நாற்காலி செய்முறை வகுப்பு. ஆறு வாரம். ஸ்திரீகளும் சேரலாம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தான். சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி லூர்துராணி. இன்னொருவர் ஜமால். அவர் சொந்தமாகக் குதிரை வண்டி ஓட்டியவர், வண்டி மெத்தையைத் தானே தைத்துப் போட்டுப் பழகியவர்.

முதல் நாள் ஒரு பழைய சோபாவை நடுவில் போட்டு, "முதல்ல பிரிக்கக் கத்துக்கங்க" என்றான் ராசப்பன்.

தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிஏறித் துணி தோல் மாதிரி ஆகியிருந்தது. ஆணிகளைப் பிடுங்கி அதை உரித்தபோது கரப்பான் முட்டைகள் உதிர்ந்தன. அடியில் யாரோ கடித்துத் துப்பிய நகத் துண்டுகள், வெற்றிலைச் சக்கை, காய்ந்து சருகாகிப்போன இரண்டு எலிக்குஞ்சுகள். நார் முழுக்க ஒரு புளித்த வாடை. பல வருஷத்து வேர்வையும் குழந்தை கக்கிய பாலும் சேர்ந்து ஊறிய வாடை. லூர்துராணி ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தாள்.

"இதுக்கே இப்படின்னா எப்படிங்க?" என்று ராசப்பன் சிரித்தான். "மேல பட்டு போட்டுட்டா ராஜா வீட்டு சாமான். உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?"

வேலை மட்டும் அவளுக்குப் பிடித்துவிட்டது. சட்டத்தின் குறுக்கே பட்டை இழுத்து முறுக்குவது, ஸ்பிரிங்கை அமுக்கிச் சணல் கயிற்றால் எட்டுப் பக்கமும் கட்டுவது, அதன்மேல் கோணி விரித்து நார் பரப்பி ஓரத்தை இறுக்கித் தைப்பது என்று மூன்று வாரத்தில் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. மேடு பள்ளமில்லாமல் ஓரம் தைப்பதில் ராசப்பனையே மிஞ்சினாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் குளித்த பிறகும் உடம்பெல்லாம் ஊர்வது மாதிரி இருக்கும்.

நான்காவது வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. சம்பத் ஐயங்கார் என்ற வக்கீல் தம் ஆபீஸ் அறைக்குப் பெரிய சோபா கேட்டார். தோல் கூடாது, குதிரை மயிர் கூடாது, சுத்தமான தேங்காய் நாரும் இலவம் பஞ்சும்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "அப்படியே செஞ்சிடலாம் சாமி" என்றான் ராசப்பன்.

மறுநாள் ஐந்து சாக்கு நாரும் பஞ்சும் வந்திறங்கின. ராசப்பன் அதை இரண்டு நாள் வெயிலில் பரப்பி வைத்தான். பிறகு லூர்துராணியும் ஜமாலும் உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். பஞ்சு கட்டிகட்டியாக ஒட்டிக்கிடந்தது. சில கட்டிகளில் மஞ்சள் கறை இருந்தது. பிரிக்கப் பிரிக்க உள்ளேயிருந்து காய்ந்த வேப்பிலை உதிர்ந்துகொண்டே இருந்தது.

"என்ன மேஸ்திரி, இவ்வளவு வேப்பிலை?"

"பூச்சி வராம இருக்கப் போட்டிருப்பான். சீக்கிரம் அடைங்க."

அவளும் அடைத்தாள். ஆறு நாளில் சோபா தயாராகி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. கருநீலத் துணியில் அவள் வைத்த பொத்தான்கள் வரிசை பிசகாமல் நின்றன.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஜமால் பட்டறை வாசலிலேயே அவளை நிறுத்தினார்.

"தங்கச்சி, நமக்குச் சாக்கு கொண்டாந்த பார வண்டிக்காரன் பிச்சையை நேத்து பாத்தேன். நாம அடைச்ச பஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? லால்குடிக்கு அந்தாண்ட அம்மைக் கொட்டகை போட்டிருந்தாங்கள்ல, அங்க செத்தவங்க படுத்திருந்த மெத்தை. எரிக்கச் சொல்லிக் குடுத்ததை இவன் நேரா மேஸ்திரிகிட்ட கொண்டாந்து போட்டிருக்கான். அல்லாவே, இந்தக் கையால பிரிச்சோமே!"

லூர்துராணிக்குத் தன் தம்பியின் ஞாபகம் வந்தது. ஆறு வயதில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து செத்தவன். வேப்பிலையைப் பார்த்ததுமே தனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாதது மாதிரி அல்லவா கை வேலை செய்துகொண்டே இருந்தது? தன் விரல்களை முந்தானையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

உள்ளே ராசப்பன் மிச்சமிருந்த பஞ்சுச் சாக்கின் மேல் உட்கார்ந்து பக்கோடா தின்றுகொண்டிருந்தான்.

"ஆமா, அதுக்கு என்ன இப்போ?" என்றான். "ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டேன். வெயில் பட்டா எல்லாம் செத்துரும்." விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கிவிட்டு, "நீங்களும்தானே அடைச்சீங்க? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்றான்.

அவள் கத்திரியையும் குத்தூசியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பாய், வண்டியைப் பூட்டுங்க."

காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாக வண்டி ஓடியது.

சம்பத் ஐயங்கார் ஆபீஸ் அறையில் கேஸ் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சோபாவின் மேல் அவருடைய பேரன், ஐந்து மாதக் குழந்தை, குப்புற விழுந்து துணியைச் சப்பிக்கொண்டிருந்தது. அருகில் அதன் தாய், வக்கீலின் மகள் வேதவல்லி.

லூர்துராணி வாசற்படியிலிருந்தே கத்தினாள். "குழந்தையைத் தூக்குங்கம்மா! முதல்ல தூக்குங்க!"

வேதவல்லி திடுக்கிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டாள். லூர்துராணி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து, தான் தைத்த இருக்கையைக் கத்திரியால் நீளவாக்கில் கிழித்தாள். கையை விட்டு ஒரு கொத்துப் பஞ்சை இழுத்து வக்கீலின் முன் போட்டாள். அதில் மஞ்சளும் பழுப்புமான கறை, பொருக்குகள், வேப்பிலை.

"அம்மை போட்டுச் செத்தவங்க மெத்தைங்க இது. நான்தான் அடைச்சேன். தெரியாம அடைச்சுட்டேன்."

வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சத்தம் கேட்டு அவர் மனைவி பட்டம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் பஞ்சைப் பார்க்கவில்லை. அறை நடுவில் நின்ற லூர்துராணியின் கழுத்துச் சிலுவையைத்தான் பார்த்தாள்.

"யார் இவ? ஆத்துக்குள்ள எப்படி வந்தா? கடங்காரி, ரூம் நடு வரைக்கும் வந்து நிக்கறாளே!" என்று கூவியபடி ஒரு செம்பு சாணித் தண்ணீருடன் வந்து, லூர்துராணி மிதித்த இடமெல்லாம் தெளிக்கத் தொடங்கினாள். ஒரு சொட்டு லூர்துராணியின் புடவையிலும் விழுந்தது.

"அம்மா, தரையில கெடக்கற அந்தக் கண்றாவியைப் பாரு முதல்ல!" என்றாள் வேதவல்லி. "அவ நின்ன இடத்தை அலம்பிண்டிருக்கியே!"

சம்பத் ஐயங்கார் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. நடந்தது நடந்துபோச்சு. வெளியில மூச்சு விடாதே. கட்சிக்காரா எத்தனை பேர் இதுல வந்து உக்காந்துட்டுப் போயிருக்கா தெரியுமோ?"

அதைக் கேட்டதும் பஞ்சின் மேல் வந்த அருவருப்பு லூர்துராணிக்கு அந்த மனிதர் மேலும் வந்தது. உட்கார்ந்துவிட்டுப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதல்லவா முதலில் தோன்ற வேண்டும்?

வீட்டில் யாரும் கை வைக்கவில்லை. கொல்லை வழியே விடவும் இல்லை. அவளும் ஜமாலும் சோபாவைத் தெருவழியாகத் தூக்கிக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய், உள்ளிருந்ததை மணலில் கொட்டி எரித்தார்கள். கட்டி பிடித்த பஞ்சு லேசில் பற்றவில்லை. புகைந்து புகைந்து முடி பொசுங்கும் நாற்றம் அடித்தது. வெறும் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள்.

அன்று மாலையே அவள் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "அடைச்சது யாரு?" என்று அவர் கேட்டபோது, "நான்" என்று தன் பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். மறுநாள் மிச்சச் சாக்குகளை எரித்துப் பட்டறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். சந்திலிருந்த எல்லோருக்கும், வக்கீல் வீட்டாருக்கும், சோபாவில் உட்கார்ந்துபோன கட்சிக்காரர்களுக்கும் அம்மை குத்தினார்கள். இருபது நாள் அவள் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சேதியை வேதவல்லிதான் ஜமாலிடம் சொல்லியனுப்பினாள்.

சித்திரை பிறந்ததும் வக்கீல் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சட்டத்துக்குத் திரும்ப மெத்தை வைத்துத் தரவேண்டுமாம். ஆனால் தெருவிலேயே உட்கார்ந்து தைக்க வேண்டுமாம்.

"முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் லூர்துராணி. "அந்தச் சட்டத்தைத் தொடறதுக்கு எனக்குத்தான் கூசுது."

அவளும் ஜமாலும் சேர்ந்து பாலக்கரையிலேயே வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். நாரைப் புதிதாக வாங்கி மூன்று தண்ணீரில் அலசி, அவள் வீட்டு முற்றத்திலேயே காயவைத்தார்கள். மேல்துணி போட்டு மூடுவதற்கு முன்னால் சோபா கேட்டவரை வரவழைத்து, "கையை விட்டுப் பாருங்க, மோந்தும் பாருங்க" என்பாள். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் சிரித்தார்கள். யாராக இருந்தாலும் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஊசி கோத்தாள்.

தைத்து முடித்த சோபாவில் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லி ஜமால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தரையில் ஒரு துண்டை உதறி விரித்து, அதில்தான் உட்காருவாள்.