மூன்று மீட்டரா, நான்கு மீட்டரா?

அண்ணனும் அண்ணியும் தனிக்குடித்தனம் போனதிலிருந்து நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பேச்சு அறுந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே ஆலையில் வேலை. அண்ணி தண்ணீர் மோட்டார் ஓட்டுவாள்; நாத்தனார் பிரஷர் மீட்டர்களைப் பழுதுபார்ப்பாள். வேலை விஷயம் என்றாலும் சுவரைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

அன்று காலை அண்ணி சுவரிடம் சொன்னாள்: "பெரிய தொட்டி மீட்டர் கெட்டுப்போச்சு. இப்பத்தான் தொட்டியிலருந்து தண்ணி எடுக்க ஆரம்பிச்சேன். பக்கத்துக் கண்ணாடிக் குழாய்ல நாலு மீட்டர் நிக்குது, இது மூணுங்குது."

மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தொட்டியின் அடியில், அழுத்தத்தைத் தண்ணீர் உயரக் கணக்கில் காட்டும் மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினாள் நாத்தனார். அதுவும் மூன்றிலேயே நின்றது. கண்ணாடிக் குழாயிலும் அடைப்பில்லை.

"மாட்டியாச்சுல்ல? ஓட்டட்டுமா?"

நாத்தனார் பழைய மீட்டரையும் புதியதையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டு மீட்டரும் ஒரே பொய்யைச் சொல்லுமா? மேலும் கீழும் தொட்டியோடு இணைந்த கண்ணாடிக் குழாய் காட்டுவது தண்ணீரின் உயரத்தை மட்டும். மீட்டரோ தண்ணீரின் கனத்தோடு, அதன் தலைமேல் காற்று அழுத்துவதையும் சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால் குறைந்திருப்பது காற்றழுத்தம். தண்ணீர் இறங்கிய இடத்துக்கு வெளிக்காற்று வரவேயில்லை. மெல்லிய தகட்டுத் தொட்டி; இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் அப்பளமாக நொறுங்கிவிடும்.

"அண்ணி, மோட்டார்ல கை வச்சிடாதீங்க!"

விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள். உச்சியில் காற்று போய்வரும் குழாயின் வாயில், உள்ளே பெயிண்ட் சிந்தாமலிருக்கப் பெயிண்டர்கள் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் தாள் அவிழ்க்கப்படாமலே இருந்தது. கத்தியால் கிழித்ததும் காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

"ஏய், மீட்டர் ஏறுதுடி!" கீழேயிருந்து அண்ணி கத்தினாள். "ஒரு சொட்டுத் தண்ணிகூட விடலையே!"

முள் நான்கில் போய் நின்றது. குழாயில் தண்ணீர் அசையவேயில்லை.

இறங்கி வந்து அவள் நடந்ததை விளக்கினாள். அண்ணி முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நான் ஓட்டியிருந்தா?"

"தொட்டி நசுங்கியிருக்கும். நீங்க பக்கத்துலயே நின்னிருப்பீங்க."

அண்ணி மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினாள். "மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"நானும்தான் அண்ணி. இல்லன்னா எதுக்குக் கழட்டப்போறேன்?"

அண்ணி சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாடி. அந்தப் பெயிண்டர்ங்களை ரெண்டு பேருமா போய் ஒரு பிடி பிடிப்போம்."

நாத்தனார் கிழிந்த தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு அவளோடு நடந்தாள்.